அப்பா இழுத்த பிறேக்

பொத்தானை அமத்திக்கொண்டு பிடியைக் கீழே விட்டேன். ஒரு எதிர்ப்பும் இல்லாமல் தரையோடு படுத்துவிட்டது. சரி, ஹான்ட் பிறேக் விட்டுவிட்டது என்று நினைத்து, நானும் சித்தப்பாவின் இரண்டு பெடியன்களும் பின்னுக்குப் போய்த் தோள் கொடுத்தோம். கார் ஸ்பிறிங்கில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் பழைய இடத்திலேயே வந்து நின்றது. இன்னொரு முறை தள்ளினோம். அதே ஆட்டம், அதே இடம். ரயருக்கு அடியில் இருந்த மண்கூட நகரவில்லை.

திரும்ப வந்து முன் ஆசனங்களுக்கு நடுவில் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். பிடியின் அடியில் இரண்டு கேபிள்களின் புரி முனைகளும், அவற்றில் மாட்டிய நட்டுகளும் இருக்கும். பிடி கீழே வந்தால் நட்டுகளும் அதோடு பின்னுக்குப் போய் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் காரில் நட்டுக்கும் பிடிக்கும் நடுவில் ஒரு விரல் வைக்கலாம் போல இடைவெளி. பிடி மட்டும்தான் இறங்கியிருந்தது. கேபிள்கள் இரண்டும் அப்பா இழுத்துவிட்ட இடத்திலேயே நின்றன.

அவர் அதை இழுத்தது 2006இல். அந்த ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை போரால் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மறுபடியும் கண்ணில் காணாத பொருள் ஆனது. அப்பா மொறிஸ் மைனரைக் கொட்டிலுக்குள் விட்டு, ஹான்ட் பிறேக்கை இறுக்கி இழுத்து, பழைய சாரங்களைத் தைத்து ஒட்டிய துணியால் மூடினார். பாதை திறக்கட்டும், பார்ப்போம் என்றார். பாதை திறந்தபோது அவருக்கு நடக்க ஏலாமல் போயிருந்தது. 2011இல் போய்விட்டார். நான் அந்தத் துணியை எடுத்தது 2023இல். பதினேழு வருடம் ஒரு பிறேக் இழுத்தபடியே நின்றிருக்கிறது.

எங்களுடையது 1959ஆம் ஆண்டு மைனர் 1000. 948 சீசீ எஞ்சின். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் முதலில் காட்டிய கார் இது. பதினாறு லட்சத்துக்கு மேல் செய்து விற்றார்கள். அதில் எத்தனையோ எங்கள் ஊர் ஒழுங்கைகளில் வந்து சேர்ந்து, கலியாணக் காராகவும் வாடகைக் காராகவும் ஓடின. தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்தபோது, ஒரு சின்னப் போத்தல் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணிவிட்டு, மிச்சத் தூரம் முழுக்க மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்தப் புகையின் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அவ்வளவையும் தாங்கிய கார் ஒரு ஹான்ட் பிறேக்கால் கிடந்து போகக்கூடாது என்ற பிடிவாதம் எனக்கு.

முதலில் வந்த யோசனை, உழவு இயந்திரத்தில் கட்டி இழுப்பது. பக்கத்து வளவுக்காரர் அன்பாகத்தான் சொன்னார். வேண்டாம் என்றேன். சில்லோடு சுற்றுகிற வட்ட இரும்புதான் ட்றம், அதை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துகிற வளைந்த தகடு சூ, சூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டை லைனிங். உள்ளே அந்த லைனிங் ட்றம்மோடு ஒட்டிக் கறள் பிடித்திருந்தால், இழுக்கிற இழுவையில் லைனிங் உரிந்து வந்து உள்ளே சிக்கும். ட்றம் வெடிக்கவும் கூடும். சில்லு சுற்றாமல் இழுபட்டால் புது ரயருக்கும் கேடு. வெடித்த ட்றம்முக்கு இங்கே எங்கே போவது?

அப்பாவின் காலத்தில் காரைப் பார்த்த மெக்கானிக் ஐயா கொக்குவிலில் இருக்கிறார். எழுபது வயது தாண்டிவிட்டது, கராஜை மூடிவிட்டார். போய் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது: "தம்பி, எதை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது எண்டு முடிவெடுத்திட்டியோ?"

எனக்கு அப்போது விளங்கவில்லை. அவர் ஒரு காகிதத்தில் கீறிக் காட்டினார். அதை இங்கே என் சொல்லில் சொல்லப் பார்க்கிறேன், ஏனென்றால் மைனரின் ஹான்ட் பிறேக் எங்கே பிடிக்கும் என்பது தெரியாமல் கை வைத்தால் எதையாவது முறித்துவிடுவோம்.

பின்சில்லு ஒவ்வொன்றிலும் ஏழு அங்குல ட்றம். அதற்குள் இரண்டு சூ, ஒரே ஒரு சிலிண்டர். கால் பிறேக்கை மிதித்தால் அந்தச் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்ரன் ஒரு சூவைத் தள்ளும். அந்தத் தள்ளலின் எதிர்விசையில் சிலிண்டரே, ட்றம்முக்குப் பின்னால் சுற்றாமல் நிற்கிற பின்தகட்டிலுள்ள ஒரு நீள்துளையில் மறுபக்கம் வழுக்கிப் போய் மற்றச் சூவைத் தள்ளும். ஆகவே சிலிண்டர் அந்தத் துளையில் ஓடியே ஆக வேண்டும். ஹான்ட் பிறேக்கின் குட்டி லீவரும் அதே சிலிண்டரில்தான் பொருந்தியிருக்கிறது. அதன் வால் பின்தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கேபிளின் முனையில் ஒரு கவை, கவைக்கும் லீவர் வாலுக்கும் குறுக்கே ஒரு பின், அந்தப் பின் விழாமலிருக்க, இரண்டு காலையும் விரித்து விடுகிற ஒரு ஸ்பிளிட் பின். அவ்வளவுதான் முழு இயந்திரமும்.

இதில் நான்கு இடம் இறுகும். கேபிள் தன் உறைக்குள் இறுகும். குறுக்குப் பின் கவைக்குள் இறுகும். சிலிண்டர் துளையில் இறுகும். சூ ட்றம்மில் ஒட்டும். எங்கள் காரில் நான்கும் நடந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் கடல் எங்கே நின்றாலும் பக்கம்தான். மாரி தோறும் வாடைக்காற்று கொண்டுவந்த ஈரமும் உப்பும் பதினேழு முறை அந்தக் கொட்டிலுக்குள் வந்து போயிருக்கின்றன.

கேபிளை வெட்டலாம், புதிது வாங்கலாம் என்றார் ஐயா. மைனருக்கு இன்றும் இங்கிலாந்தில் சாமான் செய்கிறார்கள். தொண்ணூறுகளில் தென்னிலங்கையிலேயே ஒரு தொழிற்சாலை மைனரின் உடற்தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. பாத் நகரில் மொறிஸ் மைனர் சென்ரர் நடத்திய சார்ள்ஸ் வெயார் அதற்குக் கூட்டாளி. ஸ்பிளிட் பின், குறுக்குப் பின், சூ எல்லாம் போனால் போகட்டும். லீவர் போகக்கூடாது, பின்தகடு வளையக்கூடாது, ட்றம் வெடிக்கக்கூடாது. அந்த மூன்றுக்கும் பொறுமையைக் கொடு, மற்றதில் மினக்கெடாதே என்றார். நான் அந்த வாரம் முழுக்க அதைத்தான் கடைப்பிடித்தேன்.

காரின் பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி, அச்சுக்கு அடியில் பனங்குற்றிகளை வைத்தேன். வைரம் பாய்ந்த பனை இரும்பு மாதிரி. முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல். பின்சில்லில் பிறேக் வேலை செய்யும்போது ஹான்ட் பிறேக்கும் இல்லை, பின்சில்லும் இல்லை, முன்சில்லு இரண்டும் உருண்டால் கார் உங்கள் மேல் வந்துவிடும். இதை ஒருபோதும் மறக்க வேண்டாம்.

முதலில் பிடியின் அடியில் உள்ள நட்டுகள். இங்கே ஒரு எச்சரிக்கை. மைனர் 1000இன் நட்டுகள் அங்குலக் கணக்கு. எங்கள் வீடுகளில் கிடக்கிற ஸ்பனர் எல்லாம் மில்லிமீற்றர். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர், 13 போட்டால் பொருந்துகிற மாதிரித்தான் இருக்கும். இறுகிய நட்டில் அந்தச் சின்ன இளக்கம் போதும், மூலைகள் மழுங்கிவிடும். ஐயா தன்னுடைய அங்குல ஸ்பனர்களை ஒரு பழைய மாப்பேணியில் போட்டுத் தந்தார். புரியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய் விட்டு, இரவு விட்டு, காலையில் திருப்பினேன். நட்டோடு கேபிள் முனையும் சுற்றப் பார்த்தது. குறட்டால் முனையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வந்துவிட்டது.

அப்போதுதான் பிடியின் பற்சக்கரத்தைப் பார்த்தேன். அறுபத்து நான்கு வருடக் காரில் அந்தப் பற்கள் தேய்ந்து உருண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பல்லும் கூராக நின்றது. அப்பா ஹான்ட் பிறேக்கை இழுக்கும்போது எப்போதும் பொத்தானை அமத்திக்கொண்டுதான் இழுப்பார். கடகடவென்று சத்தம் வர விடமாட்டார். "பல்லுத் தேயும்" என்பார். வேறு எதுவும் சொல்ல மாட்டார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, யாழ் நகரைச் சுற்றிய வலிகாமமே எழுந்து சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, நாங்களும் இந்தக் காரில் அந்தச் சனத்துக்கு நடுவில் இருந்தோம். மழை. நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கார் ஒரு நேரத்தில் ஒரு பாகம்கூட நகரவில்லை. எண்ணெயை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு, அப்பா பிறேக்கை இழுப்பார், விடுவார், இழுப்பார். காருக்குள் எங்களோடு வந்த பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை ஒன்று நித்திரை. விடியும் வரைக்கும் அந்தக் கடகடச் சத்தத்தை நான் ஒரு தரமும் கேட்கவில்லை.

சரி, ட்றம்முக்கு வருவோம். சில்லைக் கழற்றினால் ட்றம்மைப் பிடித்திருப்பவை இரண்டே இரண்டு பள்ளத்தலைத் திருகாணிகள். பெரிய பிளவுத் தலை. சாதாரணத் திருப்புளியால் முயன்றால் தலை சிதைந்துவிடும். சுத்தியலால் பின்னால் அடித்தால் முனை சுற்றுகிற இம்பக்ட் திருப்புளி ஒன்று உண்டு, அதுதான் இதற்கு. வலப்பக்கத்தில் இரண்டும் வந்தன. இடப்பக்கத்தில் ஒன்று வந்தது. மற்றதை என் முன்னால் வந்த யாரோ ஏற்கெனவே சிதைத்து வைத்திருந்தார்கள். அதன் தலையை மட்டும் டிறில் பண்ணி எடுத்தேன். ட்றம் வந்த பிறகு மிஞ்சிய தண்டைக் குறட்டால் சுலபமாகச் சுற்றி எடுக்கலாம், ஏனென்றால் அதை இறுக்கிக்கொண்டிருந்தது தலைதான்.

ட்றம்மில் ஒரு துளை இருக்கும். அதற்குள்ளே தெரிகிற சரிசெய்கிற திருகை இடஞ்சுழியாகத் திருப்பினால் சூக்கள் உள்வாங்கும். எங்கள் காரில் அது ஒரு சொடுக்குத்தான் திரும்பியது. பிறகு நின்றுவிட்டது.

காஸ் சுவாலை கொண்டு சூடாக்கலாம் என்று வெல்டிங் கடைப் பெடியன் வந்தான். நல்ல பெடியன்தான். ஆனால் ட்றம்முக்குப் பின்னால் பிறேக் ஒயில், றப்பர், கிறீஸ். பின் பெட்டியின் தரைக்குக் கீழே பெற்றோல் தாங்கி. அங்கே நெருப்பு வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, அம்மாவிடம் கேத்திலைக் கேட்டேன். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ட்றம்மைச் சுற்றி மெதுவாக ஊற்றினேன். இரும்பு விரிந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அப்புறம் ஒரு வேப்பங்கட்டையை ட்றம்மின் முகத்தில் வைத்து, சுற்றிச் சுற்றி, ஒரே அளவாகத் தட்டினேன். விளிம்பில் அடிக்கவில்லை, அங்கேதான் வெடிக்கும். ஐந்து கேத்தில். ஐந்தாவதில் சத்தம் மாறியது. அதுவரை கல்லில் தட்டுகிற மாதிரி மந்தமாக இருந்தது, ஒரு தட்டில் கோயில் மணியின் ஓரத்தைத் தொட்ட மாதிரி லேசாக ஒலித்தது. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி இழுக்க, ட்றம் வந்துவிட்டது. ஒரு சூவின் லைனிங் முழுதாகச் சூவை விட்டு ட்றம்மோடு போய்விட்டிருந்தது. உழவு இயந்திரத்தில் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது விளங்கியது.

உள்ளே இருந்த தூசியை ஊதவில்லை. அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டேன். வாயால் ஊதுகிற பழக்கம் எங்கள் கராஜ்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விடுங்கள்.

இனி அந்தக் குறுக்குப் பின். இதைத்தான் எழுத வந்தேன்.

என் சுண்டுவிரல் நுனியளவுகூட இல்லாத ஒரு இரும்புத் துண்டு. கவையும் லீவரும் பின்னும் சேர்ந்து ஒரே கறள் கட்டியாக இருந்தன, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஸ்பிளிட் பின்னின் இரண்டு காலும் தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தன. தலை துளைக்குள்ளேயே இருந்தது, அதை ஒரு ஆணியால் தட்டி எடுத்தேன். பின்னை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். லீவர் முழுக்க அதிர்ந்தது. உடனே நிறுத்திவிட்டேன். அந்த அடியெல்லாம் லீவர் வழியாகச் சிலிண்டருக்கும் மெல்லிய பின்தகட்டுக்கும்தான் போகும்.

அசற்றோனையும் ஓட்டோமற்றிக் கியர்பெட்டி ஒயிலையும் பாதிக்குப் பாதி கலந்து, காலையும் மாலையும் ஒரு சிரிஞ்சால் நான்கு சொட்டு. இரண்டும் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். கறளின் மயிர்க்கோட்டு இடுக்குகளுக்குள் இதுபோல் இறங்குகிற வேறொன்றை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்தக் கலவை றப்பருக்குக் கூடாது. சிலிண்டரின் றப்பர் வளையங்களை எப்படியும் மாற்றப் போகிறேன் என்பதால்தான் அங்கே விட்டேன். ஒவ்வொரு நாளும் சொட்டு விட்ட பிறகு, பின்னின் தலையைக் கிறிப் குறட்டால் பிடித்து, வெளியே இழுக்காமல், சுற்றிப் பார்ப்பேன். இறுகிய பின்னை முதலில் சுற்ற வைக்க வேண்டும். சுற்றினால் வரும், சுற்றாததை இழுத்தால் முறியும்.

ஆறாம் நாள் ஐயாவிடம் போய், "அது வராது போல கிடக்கு ஐயா" என்றேன்.

"வராது எண்டு சொல்லாதை. இண்டைக்கு வரேல்லை எண்டு சொல்லு," என்றார். பிறகு ஒரு கனத்த இரும்புக் கட்டியைத் தந்தார். லீவருக்குப் பின்னால் அதை அண்டக் கொடுத்துக்கொண்டு தட்டினால் அடி குறுக்குப் பின்னுக்கு மட்டும் போகும், லீவருக்குப் போகாது.

ஒன்பதாம் நாள் மாலை, காருக்கு அடியில் முதுகில் படுத்துக்கொண்டு, ஒரு கையில் கட்டியை அண்டி, மற்றக் கையால் சின்னச் சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டு. பெலமாக இல்லை, வேகமாக. அப்புறம் குறடு. முதலில் குறடு வழுக்குகிறது என்றுதான் நினைத்தேன். ரோச் வெளிச்சத்தை அருகே கொண்டுபோனேன். பின்னின் முகத்தில் நான் நகத்தால் கீறி வைத்திருந்த கோடு ஒரு நெல்மணியளவு நகர்ந்திருந்தது. பின்னைச் சுற்றிப் பிளேன்ரீ நிறத்தில் ஒரு துளி கசிந்து, பெருத்து, என் கன்னத்தில் விழுந்தது. திரும்ப மறுபக்கம் சுற்றினேன். முன்னுக்கும் பின்னுக்கும், முன்னுக்கும் பின்னுக்கும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட. நெல்மணி அளவு கால் சுற்றாகி, அரைச் சுற்றாகி, கடைசியில் முழுச் சுற்று. பிறகு குறட்டை எடுத்துவிட்டு விரலால் இழுத்தேன். வந்தது. நடுவில் மட்டும், லீவரின் துளைக்குள் இருந்த இடத்தில், ஒரு மில்லிமீற்றர் அகலத்துக்குப் புது வெள்ளி மாதிரி பளபளப்பு. கறள் அங்கே மட்டும் போகவில்லை.

மற்றப் பக்கப் பின் நான்கு நாளில் வந்தது. சிலிண்டரை எடுக்க பிறேக் குழாயின் நட்டு மறுத்தது, குழாயை வெட்டிவிட்டேன். அறுபது வருடக் குழாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நீள்துளையின் விளிம்புகளை அரத்தால் தேய்த்து, சிலிண்டர் கையாலேயே ஓடும் வரைக்கும் சுத்தம் பண்ணினேன். கேபிளை நிமிர்த்தித் தொங்கவிட்டு ஒரு வாரம் எண்ணெய் விட்டும் பார்த்தேன், உறைக்குள் ஓடவில்லை. புதிது எடுப்பித்தேன். லீவர்கள் இரண்டும் பழையவை. அதே லீவர்கள்.

யாழ்ப்பாணம் தட்டை நிலம், இங்கே ஹான்ட் பிறேக் எதற்கு, ஒரு கல்லை வைத்தால் போச்சு என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மைனரின் கால் பிறேக்குக்கு ஒரே ஒரு ஒயில் வழிதான். நான்கு சில்லுக்கும் போகிற குழாயில் எங்கே ஒன்று வெடித்தாலும் நான்கும் போய்விடும், பெடல் தரையைத் தொடும். அந்த நேரத்தில் உங்களிடம் மிஞ்சியிருப்பது இரண்டு கேபிளும் அந்தக் குட்டிப் பின்களும்தான்.

புதுச் சூ, புது றப்பர், புதுக் கேபிள், புதுப் பின். பூட்டும்போது பின் ஒவ்வொன்றிலும் கிறீஸை நன்றாகத் தேய்த்தேன். முதலில் ட்றம் வழியாகச் சூக்களைச் சரிசெய்தேன். அதன் பிறகு பிடியை மூன்றாவது பல்லில் நிறுத்தி, சில்லைக் கையால் பலம் கொடுத்துச் சுற்றினால் மட்டும் சுற்றுகிற அளவுக்கு நட்டுகளை இறுக்கினேன். பிடியை விட்டேன். இரண்டு சில்லும் சும்மா சுற்றின. இந்த முறை நட்டுகள் இரண்டும் பிடியோடு சேர்ந்தே பின்னுக்குப் போயின.

ஐயா பார்க்க வந்தார். பெடியன்கள் இரண்டு பேரும் பின்னால் நின்று தள்ள, கார் கொட்டிலை விட்டு வெளியே வந்தது. வேப்பமரத்தடி வரை வந்ததும் நான் பொத்தானை அமத்திக்கொண்டு பிறேக்கை இழுத்தேன். கார் நின்றது. ஐயா குனிந்து பின்சில்லைப் பார்த்துவிட்டு, "சத்தம் ஒண்டும் கேக்கேல்லையே?" என்றார். "இல்லை ஐயா," என்றேன்.

இருட்டுகிற நேரம் காரைத் திரும்பக் கொட்டிலுக்குள் விட்டோம். முதலாம் கியரைப் போட்டேன். பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் பனங்கட்டை வைத்தேன். பிறகு ஹான்ட் பிறேக்கை விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.